செவ்வாய்க்கிழமை லேத் வகுப்பு

எங்கள் கல்லூரிக்கு நான்கு வளாகங்கள். கடிதத் தலைப்பில் அப்படித்தான் போட்டிருந்தோம். அந்தத் தலைப்பைப் பார்த்துவிட்டு, இவர்கள் ஏதோ பெரிய பல்கலைக்கழகம் நடத்துகிறார்கள் என்று யாராவது நினைத்திருந்தால் அந்தப் புண்ணியம் முழுவதும் கல்லூரியின் தலைவரான அதிபருக்கே. எங்களிடம் இருந்த ஒரேயொரு உருப்படியான கட்டடம் யாழ்ப்பாண நகரத்தில், கோட்டைக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்தது. தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் அதன் கூரை போயிற்று. எடுக்க முடிந்ததை எடுத்துக்கொண்டு வெளியே வந்தோம். பதினொரு தட்டச்சு இயந்திரங்கள், இரண்டு அலுமாரி நிறையப் புத்தகங்கள், மூன்று கரும்பலகைகள், இரும்பு கடைகிற ஒரு லேத் இயந்திரம். லேத்தை ஏற்றிய வண்டியின் அச்சு கோண்டாவிலில் முறிந்து, ஒரு பகல் முழுவதும் அது தெருவோரத்தில் சாக்குப் போர்த்தியபடி நின்றது. போகிறவர் வருகிறவரெல்லாம் செத்தவீடு விசாரிக்கிற முகத்தோடு நின்று விசாரித்துவிட்டுப் போனார்கள்.

அதன்பிறகு கிடைத்த இடமெல்லாம் எங்களுக்கு வளாகம்தான். முதலாம் வளாகம் மருதனார்மடம் சந்தியில், ஒரு கடையின் மேல்மாடி. கல்லூரி அலுவலகமான கந்தோரும் அங்கேதான், கணிதமும் கணக்கியலும் அங்கேதான். கீழே சந்தை. காலையில் வெங்காயம் ஏலம் கூறும் சத்தத்துக்கு மேலால் நான் சமன்பாடு கத்த வேண்டும். ஆஞ்சநேயர் கோயில் மணி அடித்தால் மாணவர்கள் பாடம் முடிந்தது என்று எழும்பிவிடுவார்கள். கோயில் மணியும் பாடவேளையும் ஒன்றல்ல என்று நான் ஒரு வருடம் சண்டை பிடித்துப் பார்த்தேன். பிறகு பாடவேளையை மணிக்குத் தக்கபடி மாற்றிவிட்டேன்.

நான்காம் வளாகம் இணுவிலில், வெளிநாட்டுக்குப் போய்விட்ட ஒரு குடும்பத்தின் வீடு. அங்கே தட்டச்சு வகுப்பும் நூலகமும். நூலகம் குசினியில் இருந்தது. அம்மி இருந்த மேடையில் அகராதிகள். வீட்டுக்காரர் இரண்டே நிபந்தனைதான் வைத்தார். ஒன்று, சாமியறையைத் திறக்கக்கூடாது. மற்றது, குரோட்டன் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். தட்டச்சுப் பிள்ளைகள் இரண்டையும் ஒழுங்காகச் செய்தார்கள்.

மூன்றாம் வளாகம் தொண்டைமானாற்றில். கடற்றொழிலாளர் வலை திருத்துகிற மண்டபம். கடலுக்குப் போகத் தடை வந்த பிறகு வலைக்கு வேலை இல்லை, மண்டபம் சும்மா கிடந்தது. அங்கே படகு எஞ்சின் வகுப்பு. ஓடாத இரண்டு எஞ்சின்களை மரச்சட்டத்தில் பூட்டிவைத்து, கழற்றுவதும் பூட்டுவதுமாகப் படித்தார்கள். மண்டபத்தின் பின்னால் கடல். பக்கத்துச் செல்வச்சந்நிதி கோயிலில் அன்னதானம் நடக்கும் நாட்களில் வரவு கூடுதலாக இருக்கும் என்று அங்கிருந்து வரும் அறிக்கையில் ஒளிக்காமல் எழுதியிருப்பார்கள்.

இரண்டாம் வளாகத்தைக் கடைசியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அது சண்டிலிப்பாயில், தோட்டங்களுக்கு நடுவில், புகையிலை உணர்த்திக் காயவைக்கிற ஒரு பெரிய கொட்டில். லேத்தை அங்கேதான் வைத்தோம். மின்சாரம் குடாநாட்டை விட்டுப் போய்ச் சில காலம் ஆகியிருந்தது. மின்சாரம் இல்லாமல் லேத் வெறும் இரும்பு. அந்தக் கொட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டக் கிணறு, கிணற்றடியில் பெல்ற் போட்டு ஓட்டுகிற பழைய இறைப்பு எஞ்சின் ஒன்று. மண்ணெண்ணெயில் ஓடும். பம்பிலிருந்து பெல்ற்றைக் கழற்றி, சுவரில் ஒரு துளை போட்டு, லேத்தில் மாட்டிவிட்டால் லேத் சுற்றும். இந்த யோசனை எங்களுடைய லேத் போதனாசிரியருடையது. நல்ல மனிதர். வாய் மட்டும் திறக்கவே மாட்டார்.

கொட்டிலுக்கும் தோட்டத்துக்கும் சொந்தக்காரரான கமக்காரரோடு பேசி இதை ஒழுங்கு பண்ண நானே போனேன். நான் கணிதம் படிப்பித்தாலும், கல்லூரியின் நேரசூசி முழுவதும் என் கையில். நான்கு வளாகம், ஒன்பது வகுப்பு, ஆறு ஆசிரியர், அவர்களுக்கு ஐந்து சைக்கிள். யார் எப்போது எங்கே இருக்க வேண்டும் என்பதை ஒரு பெரிய மட்டையில் நான்கு நிறப் பென்சிலால் கோடு கீறிக் கந்தோர்ச் சுவரில் மாட்டியிருந்தேன். பார்க்க வடிவாக இருக்கும். அதில் ஒரு பெட்டியை மாற்றச் சொல்லி யாராவது வந்தால் எனக்குக் கோபம் மூக்குநுனியில் நிற்கும். ஒருமுறை தட்டச்சு ஆசிரியை வியாழனை வெள்ளியாக்கக் கேட்டு வந்து, நான் பேசிய பேச்சில் அழுதுகொண்டு படி இறங்கினார். அதைப் பார்த்தவர்கள் மற்றவர்களுக்கும் சொல்லிவிட்டார்கள். எனக்கு அது நல்லதுக்கு என்றே தோன்றியது.

அன்று நான் கொட்டிலுக்குப் போனபோது எஞ்சின் சும்மா நின்றது. கமக்காரர் பீடியை அணைத்து மடிக்குள் செருகிக்கொண்டு எழுந்து வந்தார்.

"ஓம் ரீச்சர், தாராளமா ஓட்டுங்கோ. இண்டைக்கு மாதிரி எஞ்சின் சும்மா நிக்கிற நாளிலை எடுங்கோ. எண்ணெய் மட்டும் நீங்கள் கொண்டு வாங்கோ."

அன்று செவ்வாய்க்கிழமை. நான் கந்தோருக்கு வந்து, செவ்வாய்க்கிழமைப் பெட்டிக்குள் பச்சைப் பென்சிலால் 'லேத், வளாகம் இரண்டு' என்று எழுதினேன். மாணவர்கள் ஆளுக்கு அரைப் போத்தல் மண்ணெண்ணெய் கொண்டுவர வேண்டும் என்று அறிவித்தலும் போட்டேன். அதற்குப் பிறகு ஆறு மாதம் நான் சண்டிலிப்பாய்ப் பக்கம் போகவே இல்லை. எல்லாம் சுவரில் சரியாக இருந்தது.

லேத் வகுப்பில் ஆறு பேர். ஐந்து பேர் வலிகாமத்துத் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளைகள். ஆறாவது ஆள் தொண்டைமானாற்றிலிருந்து வந்தவர். முப்பது வயது தாண்டியவர், கலியாணமாகி இரண்டு பிள்ளைகள். பதினைந்து வருடம் கடலில் தொழில் செய்தவர். எஞ்சினைக் கையால் தொட்டே எது பிழை என்று சொல்லக்கூடியவர் என்று மூன்றாம் வளாகத்திலிருந்து எழுதியிருந்தார்கள். அவருக்கு எங்களுடைய சான்றிதழ் ஒன்று வேண்டும். அவருடைய ஊருக்குப் பக்கத்துக் கூட்டுறவுச் சங்கம் எஞ்சின் திருத்துகிற வேலைக்கு அவரை எடுக்கச் சம்மதித்திருந்தது. மாதச் சம்பளம் உள்ள வேலை. ஆனால் சான்றிதழ் இல்லாமல் எடுக்க முடியாது, அந்த வருடத்துக்கு மேல் காத்திருக்கவும் முடியாது என்று சொல்லியிருந்தார்கள். கடல் இல்லாத கடற்காரனுக்கு அந்த வேலை என்றால் என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை.

பரீட்சைக்கு மூன்று கிழமை இருந்தபோது நான் விண்ணப்பதாரர் பட்டியல் எழுத உட்கார்ந்தேன். விதி இதுதான். ஒரு மாணவர் லேத்தில் எட்டுச் செய்முறை செய்திருக்க வேண்டும், எட்டும் எட்டு வெவ்வேறு நாளில், ஒவ்வொன்றுக்கும் போதனாசிரியரின் கையெழுத்து. எட்டு இல்லாதவர் பரீட்சகர் முன்னால் நிற்க முடியாது. சண்டிலிப்பாயிலிருந்து செய்முறைப் பதிவேடு அன்றுதான் முதல்தரம் என் மேசைக்கு வந்தது. ஐந்து பேருக்கு எட்டுக்கு மேல் இருந்தது. தொண்டைமானாற்றுக்காரருக்கு மூன்றே மூன்று.

எனக்குக் கோபம் ஏறிவிட்டது. மூன்றாம் வளாகமே இவருக்காகப் பரிந்து எழுத, இவர் வீட்டில் படுத்திருந்துவிட்டாரே என்று நினைத்தேன். ஆள் அனுப்பிக் கூப்பிட்டேன். அடுத்தநாள் பதினொரு மணிக்கு வந்தார். சேர்ட் முதுகோடு ஒட்டியிருந்தது. நான் இருக்கச் சொல்லவில்லை.

"நீர் என்ன நினைச்சுக்கொண்டிருக்கிறீர்? ஆறு மாசத்திலை மூண்டு நாள். விருப்பமில்லாட்டி முதலே சொல்லியிருக்கலாமே. உம்முடைய இடத்துக்கு எத்தினை பேர் கேட்டு நிண்டவை தெரியுமோ?"

அவர் சுவரில் இருந்த என் மட்டையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நான் ஒரு செவ்வாயும் தவறேல்லை ரீச்சர்."

"பதிவு பொய்யோ அப்ப?"

"பதிவு பொய்யில்லை. நான் வந்தனான். எஞ்சின் தோட்டத்துக்கு இறைச்சுக்கொண்டு நிண்டது."

சத்தம் உயர்த்தாமல் சொன்னார். நம்பாமல் பேசுகிறவர்களோடு பேசிப் பழகிய குரல். நான் இன்னும் ஏதோ சொன்னேன், இப்போது நினைவில்லை, நினைவில்லாதது நல்லது. அவர் போன பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பின்நேர வகுப்பை விட்டுவிட்டுச் சைக்கிளை எடுத்து, மானிப்பாய் வழியாகச் சண்டிலிப்பாய்க்கு மிதித்தேன்.

கமக்காரர் வரம்பில் நின்றார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, வாய்க்காலில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. செவ்வாய்க்கிழமைகளில் எஞ்சினை எங்களுக்குத் தருவதாகச் சொன்னீர்களே என்று கேட்டேன். அவருக்கு நான் கேட்டதே விளங்கவில்லை.

"செவ்வாய்க்கும் கிணத்துக்கும் என்ன ரீச்சர் சம்பந்தம்? இது நாலு பங்குக் கிணறு. நாலு பேருக்கு நாலு நாள் முறை. அஞ்சாம் நாள் கிணறு ஊற விடுறது. அண்டைக்குத்தான் எஞ்சின் சும்மா நிக்கும். அஞ்சு நாளைக்கு ஒருக்கா."

அந்த வயல்வரம்பிலேயே நான் விரல்விட்டு எண்ணினேன். ஐந்து நாளைக்கு ஒருமுறை வருகிற நாள், ஏழு நாளைக்கு ஒருமுறை வருகிற செவ்வாயோடு சேருவது முப்பத்தைந்து நாளைக்கு ஒருதரம். அதாவது ஐந்து கிழமைக்கு ஒரு செவ்வாய். ஆறு மாதத்தில் ஐந்து. அதில் ஒன்று தைப்பொங்கல், இன்னொன்று விமானம் சுற்றியதால் எஞ்சினை ஓட்டப் பயந்த நாள். மிச்சம் மூன்று. பிள்ளைகளுக்குப் பொது மடங்கு படிப்பிக்கிறவள் நான். தபால் கந்தோர் எழுதுவினைஞர் ஒருவரின் மகள், நகரத்தில் குழாய்த் தண்ணீரில் வளர்ந்தவள், கிணற்றுக்கும் ஒரு நேரசூசி இருக்கும் என்று என் புத்திக்கு எட்டவில்லை.

மற்ற ஐந்து பேருக்கும் அது பிறக்கும்போதே தெரியும். அவர்கள் என் மட்டையைச் சட்டைசெய்யாமல் கிணறு ஊறுகிற நாளில் வந்து, போதனாசிரியரோடு லேத் ஓட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். தொண்டைமானாற்றுக்காரர் ஒருவர்தான் எழுதிப் போட்டதை நம்பியவர். அவருடைய ஊரில் தோட்டக் கிணறும் இல்லை, பங்கும் இல்லை, முறையும் இல்லை. அவர் ஒவ்வொரு செவ்வாயும் விடியமுன் வெளிக்கிட்டு, உடுப்பிட்டி, வல்லை வெளி, புத்தூர், உரும்பிராய் என்று மிதித்து வந்து, கொட்டில் வாசலில் அரைப் போத்தல் மண்ணெண்ணெயோடு உட்கார்ந்திருந்திருக்கிறார். போதனாசிரியர் அவருக்கு உளி தீட்டவும் வரைபடம் கீறவும் கொடுத்துவிட்டு, பின்நேரம் 'அடுத்தமுறை பாப்பம்' என்று அனுப்பியிருக்கிறார். அந்த மண்ணெண்ணெயைத் திரும்பக் கொண்டுபோய், அடுத்த செவ்வாய் அதே போத்தலைக் கொண்டுவருவாராம், கமக்காரர் சொன்னார். ஒரு போத்தலுக்கு வரிசையில் நிற்க வேண்டிய காலம் அது.

போதனாசிரியரைக் கொட்டிலுக்குள் பிடித்தேன்.

"இவ்வளவு காலமும் ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

அவர் கையிலிருந்த துணியால் லேத்தைத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த இடத்தையே துடைத்தார்.

"ரைப்பிங் மிஸ் நாள் மாத்தக் கேட்டதுக்கு நீங்கள் பேசினது தெரியுந்தானே. ஏன் வீணா எண்டு விட்டிட்டன்."

"அந்த மனிசனுக்காவது சொல்லியிருக்கலாமே, கிணறு ஊறுற நாளிலை வாரும் எண்டு."

"எல்லாருக்கும் தெரிஞ்ச விசயந்தானே எண்டு நினைச்சன் ரீச்சர். பேந்து அவருக்குத் தெரியாது எண்டு விளங்கேக்கை கனநாள் போச்சு. அவருக்கு மற்ற நாளெல்லாம் தொண்டைமானாத்திலை வகுப்பு எண்டு நீங்கள்தான் போட்டிருக்கிறியள். அதை மாத்த நான் ஆர்?"

நேரே கந்தோருக்கு வந்து அதிபரிடம் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும். 'கமக்காரர் நாளைச் சரியாகச் சொல்லவில்லை, அதனால் ஒரு குழப்பம்' என்று சொன்னேன். அதிபர் நல்ல மனிதர், வழியையும் கையோடு காட்டினார்.

"அஞ்சு கையெழுத்துத்தானே. போட்டு விடச் சொல்லுங்கோ. வந்தவர்தானே பாவம்."

எனக்கும் அந்த ஆசை வந்தது. பேனாவை எடுத்து ஐந்து திகதி எழுதினால் என் பிழை ஒருவருக்கும் தெரியாமல் போய்விடும். ஆனால் பரீட்சகர் பதிவேட்டை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர் அல்ல. ஒரு இரும்புத் துண்டைக் கையில் கொடுத்து, இன்ன அளவில் கடைந்து தா என்பார். மூன்று நாள் லேத் தொட்டவர் அங்கே வெட்கப்பட்டு நிற்பார். கையெழுத்தால் அவருடைய கை பழகாது என்று அதிபரிடம் சொன்னேன். அவர் மேசையிலிருந்த காகிதத்தைத் திருப்பிப் போட்டார்.

மூன்று கிழமைக்குள் கிணறு ஊறுகிற நாள் ஐந்து வந்தது. ஐந்தாவது, பரீட்சை நாள். அதற்கு முன் நான்குதான். தேவை ஐந்து. ஒரு நாள் குறைகிறது. அந்த ஒரு நாளுக்காக நான் மறுபடி கமக்காரரிடம் போனேன். இந்தமுறை சைக்கிளைத் தெருவில் விட்டுவிட்டு வரம்பில் நடந்து போனேன். யாராவது ஒருவருடைய முறை நாளில் எஞ்சினைத் தர முடியுமா என்று கேட்டேன். புகையிலைக்குத் தண்ணீர் ஒருதரம் தப்பினால் என்ன நடக்கும் என்று எனக்கு அப்போது கொஞ்சம் தெரிந்திருந்தது, அதனால் கேட்கவே கூச்சமாக இருந்தது.

அவர் குனிந்து ஒரு புகையிலை இலையைத் திருப்பிப் பார்த்தார்.

"மற்றவையைக் கேக்காதேங்கோ. என்ரை முறையிலை எடுங்கோ. ஆனா பயிருக்குத் தண்ணி போகோணும். எண்ணெய் இல்லாத நாளுக்கெண்டு பழைய துலாவை நிமித்தி வைச்சிருக்கிறன். மிதிக்க ஆள் தாறியளோ?"

துலா என்றால் ஒரு நீண்ட மரம். ஒரு முனையில் கயிறும் தண்ணீர் மொள்ளும் பட்டையும் கிணற்றுக்குள் தொங்கும். மரத்தின் மேல் ஆள் ஏறி, பக்கத்தில் கட்டிய மூங்கிலைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் நடந்தால் அது தாழும், உயரும், தண்ணீர் மேலே வரும். ஆறு மாணவர்களையும் அந்த நாளுக்குக் கூப்பிட்டேன். தோட்டக்காரப் பிள்ளைகள் ஐந்து பேரும் மறுப்புச் சொல்லாமல் வந்தார்கள். தங்கள் கூட்டாளிக்கு நாள் சொல்லாமல் விட்டோமே என்று அவர்களுக்கும் உள்ளுக்குள் குத்தியிருக்க வேண்டும். ஆனால் துலாவில் ஏறச் சொன்னதும் ஆளுக்கு ஆள் முகம் பார்த்தார்கள். எஞ்சின் காலத்துப் பிள்ளைகள். ஒருவர் ஏறி, நான்கு எட்டு வைத்து, மூங்கிலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

தொண்டைமானாற்றுக்காரர் செருப்பைக் கழற்றி வைத்தார். சாரத்தை மடித்துக் கட்டினார். ஏறினார். மரம் ஆட ஆட, அதன் மேல் வீட்டு முற்றத்தில் நடக்கிற மாதிரி நடந்தார். மூங்கிலைத் தொடவே இல்லை. அலையில் நின்று வலை இழுத்த கால் அது. கமக்காரர் பட்டையைப் பிடித்துத் தண்ணீரைச் சரித்தபடி, "உவர் எங்கை பழகினவர்?" என்று கேட்டார். அவருடைய ஊரைச் சொன்னேன். கமக்காரர் ஓமென்று தலையாட்டிவிட்டு, அதற்குப் பிறகு அவரைத் 'தம்பி' என்று கூப்பிடத் தொடங்கினார்.

என்னைப் பாத்திக்குத் தண்ணீர் கட்டவிட்டார்கள். வாய்க்கால் வாயை வெட்டித் தண்ணீரை ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்குத் திருப்ப வேண்டும். நான் இரண்டு பாத்தியை உடைத்தேன், மூன்றாவதை நிரப்பாமல் விட்டேன், முழங்கால் வரை சேறு. ஒரு மாணவர் மெதுவாக மண்வெட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்தால் ரீச்சர் பேசுவா என்ற பயம்தான் காரணம் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. அன்று அந்தப் பயத்தைப் பார்க்க எனக்கே பிடிக்கவில்லை.

மதியத்துக்குத் தோட்டம் நனைந்து முடிந்தது. பின்நேரம் பெல்ற்றை மாற்றிப் போட்டு எஞ்சினை ஓட்டினோம். எல்லாரும் தங்கள் மண்ணெண்ணெயை ஊற்றினார்கள். அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு லேத்துக்கு முன்னால் வந்து நின்றார். இரும்பு சுருள் சுருளாக விழுந்தது. போதனாசிரியர் அளவுகோலால் பார்த்துவிட்டு, வாயைத் திறந்து, "நல்லாயிருக்கு" என்றார். அவரிடமிருந்து அப்படி ஒரு சொல் வந்ததை நான் அதற்கு முன் கேட்டதில்லை. மற்ற நான்கு நாளும் அவர் தவறாமல் வந்தார். மூன்றாம் வளாகத்து வகுப்பிலிருந்து அவரை விடுவித்து நானே கடிதம் எழுதினேன். என் மட்டையில் பச்சைப் பெட்டியை அழித்தபோது காகிதம் கிழிந்துவிட்டது.

கடல்நீரேரி கடந்து பரீட்சகர் வந்தார். களைத்துப்போன, கண்டிப்பான மனிதர். பதிவேட்டில் எட்டுக் கையெழுத்தையும் எட்டுத் திகதியையும் எண்ணினார். தொண்டைமானாற்றுக்காரரிடம் எஞ்சினுக்குள் பூட்டுகிற புஷ் வளையம் ஒன்றைக் கடையக் கொடுத்தார். முடித்துக் கொடுத்ததை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, விரலால் உள்ளே தடவிப் பார்த்து, கீழே வைத்து அடுத்த ஆளைக் கூப்பிட்டார். பரீட்சகர் கையெழுத்திட்ட முடிவுக் கடிதம் பத்து நாளில் கந்தோருக்கு வந்தது. ஆறு பேரும் சித்தி, ஒருவரும் தவறவில்லை.

அந்தக் கடிதத்தின் பிரதியை மூன்றாம் வளாகத்துக்கு ஆள் மூலம் அனுப்பியிருக்கலாம். நான் அனுப்பவில்லை. நானே கொண்டுபோனேன். நான்கு வளாகம் என்று கடிதத் தலைப்பில் போட்டு மூன்று வருடம், நேரசூசி போடுகிற நான் தொண்டைமானாற்றைக் கண்டதே இல்லை. வல்லை வெளியில் எதிர்க்காற்று. மரம் இல்லை, வீடு இல்லை, மிதிக்க மிதிக்க சைக்கிள் நின்ற இடத்திலேயே நிற்கிறது. இரண்டு இடத்தில் இறங்கி உருட்டினேன். இருபத்தாறு செவ்வாய் என்று எனக்குள் சொல்லிப் பார்த்தேன், போக ஒருதரம், வர ஒருதரம். வெட்கத்தில் எனக்கு அழுகை வந்தது. வெளியில் ஆளில்லாததால் அழுதேன்.

வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இருக்கவில்லை. அவர் முற்றத்தில் யாருடையதோ ஒரு எஞ்சினைக் கழற்றிப் பரப்பி வைத்திருந்தார். என்னைக் கண்டதும் எழும்பி, கையை எங்கே துடைப்பது என்று தெரியாமல் நின்றார். கடிதத்தைக் கொடுத்தேன். "நீ வாங்கிப் படி, என்ரை கை எண்ணெய்," என்று சொல்ல, மனைவிதான் வாங்கிப் படித்தார். சத்தமாக ஒருதரம், பிறகு தனக்குள் ஒருதரம். படித்து முடித்து, கடிதத்தை மடித்து, தேநீர் ஊற்ற உள்ளே போனார். வரும்போது கண் சிவந்திருந்தது. கணவர் கைகழுவக் கிணற்றடிக்குப் போயிருந்தார். என்னிடம் தேநீரைத் தந்துவிட்டு மனைவி பக்கத்தில் குந்தினார்.

"ஒண்டு கேக்கலாமோ ரீச்சர்? பிழையா நினைக்காதேங்கோ. இவர் ஒவ்வொரு செவ்வாயும் வந்து, இண்டைக்கு நல்லா லேத் ஓடினது எண்டு சொல்லுவார். ஆனா கொண்டுபோன மண்ணெண்ணெய் அப்பிடியே திரும்பி வரும். கேட்டால், மற்றப் பெடியளின்ரை எண்ணெயிலை ஓடினது எண்டுவார். சண்டிலிப்பாயிலை எங்கடை ஆள் ஒருத்தர், இவர் வாசல்லை சும்மா குந்தியிருந்ததைக் கண்டதெண்டு வந்து சொன்னது. பிள்ளையள் விளக்கில்லாமல் இருக்கேக்கை உவர் எங்கை போய்த் திரியிறார் எண்டு நான் சண்டை பிடிக்காத நாளில்லை. அவ்வளவு செவ்வாயும் உண்மையா லேத்திலை நிண்டவரோ?"

ஓம் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. அவருடைய பொய்யும் நிற்கும், என்னுடையதும் நிற்கும். கடிதம் கையில் இருக்கிறது, இனி யாருக்கு என்ன? ஆனால் அந்தப் பெண் ஆறு மாதமாகச் சந்தேகத்தோடு சமைத்துப் போட்டிருக்கிறார், அந்த மனிதர் ஆறு மாதமாகப் பேச்சு வாங்கிக்கொண்டு மிதித்திருக்கிறார். இரண்டும் என்னால்.

"இல்லைத் தங்கச்சி," என்றேன். "மூண்டு செவ்வாய்தான் நிண்டவர். மிச்ச நாளெல்லாம் எஞ்சின் இல்லை. வாசல்லை இருந்திட்டுத் திரும்பி வந்தவர். அவர் ஒரு நாளும் தவறேல்லை. விசாரியாமல், எஞ்சின் கிடைக்காத நாளிலை வகுப்புப் போட்டது நான். அதை நான் இன்னும் ஒருத்தரிட்டையும் சொல்லேல்லை. அவரைக் கூப்பிட்டு வைச்சு நானும் பேசினனான்."

கணவர் கையைச் சாரத்தில் துடைத்தபடி வந்து, எங்கள் இருவர் முகத்தையும் பார்த்து, ஏதோ நடந்துவிட்டது என்று விளங்கி, தூரத்திலேயே நின்றுவிட்டார்.

"இஞ்சேருங்கோ," என்று மனைவி கேட்டார். "எஞ்சின் இல்லை, சும்மா வந்தனான் எண்டு ஒரு சொல்லு என்னட்டைச் சொல்லியிருக்கலாமே. ஏன் சொல்லேல்லை?"

அவர் மனைவியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சொன்னால் பேசுவியள் எண்டுதான்," என்றார்.

மனைவியை அவர் அதுவரை 'நீ' என்றே பேசியிருந்தார்; அந்தப் 'பேசுவியள்' என்னையும் சேர்த்து.